அரைக்கால் கிலோ மல்லி (வில்லாபுரம் வீட்டுக் குழு)

செல்வி, இரவு 8:12
(படம்) யாராவது இந்தக் கவினைக் கேளுங்கள். 0.5 × 0.25 = 1.25 என்று எழுதி, சிவப்பு மையில் தப்பு வாங்கி வந்திருக்கிறான். புள்ளியை எங்கே வைப்பது என்று எனக்கே மறந்துபோச்சு.

கார்த்தி, 8:14
5 × 25 = 125. முதல் எண்ணில் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம், அடுத்ததில் இரண்டு, ஆக மூன்று. வலது கோடியிலிருந்து மூன்று தள்ளிப் புள்ளி. 0.125. முடிஞ்சது மதினி.

செல்வி, 8:15
அதைத்தான் சொன்னேன். "ஏன் மூணு?" என்கிறான். கூட்டலில் புள்ளிக்கு நேரே புள்ளி வைத்தோமே என்று சண்டை.

அப்பத்தா, 8:19
(குரல் பதிவு)

கார்த்தி, 8:21
கேட்காதவர்களுக்கு: "அரையில கால் எம்புட்டுடா? அரைக்கால். இதுக்கு எதுக்குப் பேனாவும் பேப்பரும்?" 😂
அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. 1 ÷ 8 போட்டுப் பார்த்தேன், அதே 0.125!

செல்வி, 8:23
"125 பெரிசு, 25 சின்னது. அப்புறம் 0.125 எப்படி 0.25-ஐவிடக் குறைச்சல்?" இதற்குப் பதில் சொல்லுங்கள்.

முத்து மாமா, 8:31
(படம்) (படம்)
கவின், கடைத் தராசைப் பார். முதலில் கால் கிலோ மல்லிப்பூ. 0.25 என்று நிறுத்தாது, 0.250 என்று காட்டும். பாதியை அள்ளினேன், 0.125. புள்ளியை ஒட்டிய இடம் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு கிராம். அடுத்த இடம் பத்து கிராம். கடைசி ஒரு கிராம். 0.250-இல் முதல் இடத்து 2 இருநூறு கிராம், 0.125-இல் அங்கே 1, நூறு கிராம்தான். அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. நீ எழுதிய 1.25-ஐ நம்பினால், கால் கிலோவில் பாதி கேட்டவருக்கு ஒன்றேகால் கிலோ கட்டித்தர வேண்டும். கடை தாங்காதுடா.

கார்த்தி, 8:34
மூன்று ஏன் என்பதும் இப்போதுதான் எனக்கே பிடிபட்டது. பத்தில் 5, நூறில் 25. பத்தையும் நூறையும் பெருக்கினால் ஆயிரம். ஆயிரத்தில் 125.

செல்வி, 8:42
0.3 × 0.2 கொடுத்தேன். 0.6 என்று எழுதினான். அப்புறம் "0.2-இல் கொஞ்சம்தானே எடுக்கிறோம்" என்று அவனே அடித்து 0.06 போட்டான். மாமா, வரும்போது அரைக்கால் கிலோ மல்லி கொண்டுவாருங்கள்.

முத்து மாமா, 8:43
இன்று கிலோ 800. 0.125 × 800 எவ்வளவு என்று கவின் சொன்னால்தான் கட்டுவேன்.

செல்வி, 8:47
100.000 என்கிறான். மூன்று சைபரையும் விடமாட்டானாம்.