டெலிகிராம் பாட் பதில் தராமல் நின்றுவிட்டது: அவசர உதவி தேவை

அல்சூர் ஏரிக்கரை:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்ததும் வீடுகளுக்குத் தகவல் அனுப்ப டெலிகிராமில் ஒரு பாட் (தானே செய்தி வாங்கி அனுப்பும் நிரல்) செய்திருந்தேன். நேற்றுவரை ஓடியது, இன்று காலையிலிருந்து ஊமையாகிவிட்டது. பத்து மணிக்கு லாரி வருகிறது.

திண்ணை:
எந்த மொழியில் எழுதினீர்கள், எங்கே ஓடுகிறது, என்ன பிழை எண் வருகிறது என்பவற்றைச் சொல்லாமல் ஊமை என்றால் எப்படி ஐயா வைத்தியம் பார்ப்பது?

மடிவாளா:
குழுவில் சேர்த்திருந்தால் தனியுரிமை அமைப்பே காரணம். அது இயல்பாகவே இயங்குவதால், சாய்கோட்டில் தொடங்கும் கட்டளைகள், பாட்டுக்குத் தரும் பதில்கள் போன்றவற்றைத் தவிர மற்ற உரையாடல் பாட்டின் காதில் விழாது. பாட்களை நிர்வகிக்க டெலிகிராம் தரும் பாட்ஃபாதரில் அதை அணைத்துவிட்டு, பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்துவிடுங்கள்.

பழைய கை:
ஆவணத்தை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. பயனர் ஸ்டார்ட்டை அழுத்தாதவரை பாட் தானாகப் பேச்சைத் தொடங்க முடியாது, 403 (அனுமதி மறுப்பு) என்ற பிழை வரும்.

அல்சூர் ஏரிக்கரை:
குழு இல்லை, எல்லோரும் ஸ்டார்ட் அழுத்தியவர்கள்தாம். பைத்தான், என் மடிக்கணினி, பிழை 409 (மோதல்). காவலாளி "வந்தாச்சு" என்று பாட்டுக்கு அனுப்பிப் பார்த்தபோது என் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் மட்டும் தகவல் வந்தது.

திண்ணை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கெட்அப்டேட்ஸ் முறையில் (நிரலே டெலிகிராமிடம் போய்ச் செய்திகளைக் கேட்டு வாங்குவது) 409 வந்தால், ஒன்று எப்போதோ வைத்த வெப்ஹூக் (செய்தி வந்ததும் டெலிகிராமே நம் முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) நீக்கப்படாமல் இருக்கும், அல்லது அதே டோக்கனை (பாட்டின் ரகசியச் சாவி) வைத்துக்கொண்டு இன்னொரு பிரதி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டுக்கு மட்டும் போவதைப் பார்த்தால், பழைய பெயர்ப்பட்டியல் உள்ள பிரதி ஒன்று காவலாளியின் செய்தியை முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது என்றே தோன்றுகிறது.

பழைய கை:
வெப்ஹூக் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நொடிக்கொருமுறை போய்க் கதவைத் தட்டுவது கற்றுக்குட்டி வேலை.

மடிவாளா:
வீட்டு மடிக்கணினிக்குப் பொது முகவரியும் சான்றிதழும் எங்கிருந்து வரும்? வெப்ஹூக் 443, 80, 88, 8443 ஆகிய நான்கு வாயில்களில் (போர்ட்) மட்டும்தான் ஏற்கப்படும். மேலும், கெட்அப்டேட்ஸின் நீண்ட காத்திருப்பு முறையில் யாரும் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை. செய்தி வரும்வரை அல்லது குறித்த நேரம் முடியும்வரை ஒரே கோரிக்கை திறந்தபடி நிற்கும்.

பழைய கை:
இணைப்பு அறுந்தால்?

மடிவாளா:
எடுக்கப்படாத செய்திகள் 24 மணி நேரம் வரை டெலிகிராம் சேவையகத்திலேயே கிடக்கும். நாற்பது வீட்டு லாரிக்கு அது போதாதா?

திண்ணை:
சண்டை அப்புறம் ஆகட்டும். நண்பரே, வேறு எந்தக் கணினியிலாவது சோதித்துப் பார்த்தீர்களா? நினைவில்லை என்றால் பாட்ஃபாதரில் டோக்கனை மாற்றிவிடுங்கள், பழைய பிரதி தானாகச் செத்துவிடும்.

அல்சூர் ஏரிக்கரை:
அக்காள் மகன் நேற்றிரவு அவன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு அணைக்காமல் தூங்கிவிட்டான். அதை நிறுத்தியதும் இப்போது எல்லா வீட்டுக்கும் போகிறது. லாரி வந்துவிட்டது, குழாயைத் திறக்கப் போகிறேன்.