நிக்கான் டி750: ஷட்டர் அறிவித்தலுக்குள் வருதா, எப்படிப் பார்க்கிறது?

தலவாக்கலை_கிளிக்:
வணக்கம். கையில இருக்கிறது பாவிச்ச நிக்கான் டி750 கமரா ஒண்ணு. பெட்டி இருக்கு, உத்தரவாத அட்டை இல்லை. இந்த மாடல்ல படத்தின் ஒரு பகுதி இருளுதுன்னு, ஷட்டரை (ஒளியை உள்ளே விட்டு மூடுற திரை) நிக்கான் இலவசமா மாத்திக் குடுக்கிற அறிவித்தல் வந்தது தெரியும். படங்கள்ல இதுவரை பெரிசா ஒண்ணும் கண்ணில் படல்ல. ட்ரைபொட் பூட்டுற துளைக்குள்ள ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு. அப்படின்னா முதல் ஆளே ஷட்டர் மாத்திட்டாரா? இல்லன்னா, கொழும்புச் சேவை நிலையத்துக்குக் கொண்டு போறதுக்கு முந்தி வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கா? சும்மா ஒரு நாள் பஸ்ஸில அலைய முடியாது.

பதுளை_ரிப்பேர்மேசை:
தம்பி, அந்தப் புள்ளியை வச்சு ஷட்டரைப் பத்தி முடிவெடுக்காதீங்க. டி750 வந்தது 2014 செப்டெம்பர்ல. முதல்ல கிளம்பின பிரச்சினை வேற: வெளிச்சம் ஃப்ரேமுக்கு மேலே இருந்து அடிக்கும்போது ஃப்ளேர் (படத்துல விழுற ஒளிச் சிதறல்) நடுவுல வெட்டுப்பட்ட மாதிரி தெரிஞ்சது. அதைச் சரி செஞ்ச கமராவுக்கு அடையாளம்தான் ட்ரைபொட் துளைக்குள்ள இருக்கிற கறுப்புப் புள்ளி. ஷட்டர் அறிவித்தல் அதுக்குப் பிறகு 2015 ஜூலையில வந்தது. 2016 பெப்ரவரியிலயும் 2017 ஜூலையிலயும் இன்னும் பல தொடர் இலக்கங்களைச் சேர்த்தாங்க. 2015ல "உங்க இலக்கம் இல்லை"ன்னு பதில் வந்த கமரா 2017 பட்டியல்ல இருக்கலாம். பழைய பதிலை நம்ப வேணாம்.

தொடர் இலக்கம் கமராவோட அடித்தட்டுல இருக்கும். அதை நிக்கானோட சேவை அறிவித்தல் பக்கத்துல போட்டுப் பாருங்க. பெட்டியில ஒட்டியிருக்கிற இலக்கத்தை மட்டும் பார்த்துப் போடாதீங்க, பாவிச்ச கமராவுக்குப் பெட்டி மாறியிருக்கும். அறிவித்தல்ல இருக்கிற கோளாறுக்கு உத்தரவாதம் முடிஞ்சிருந்தாலும் இலவசம்னுதான் சொல்லியிருக்கு, அதனால அட்டை இல்லைன்னு பயப்பட வேணாம். ஆனா வருஷம் கனக்கப் போயிட்டுது. கமராவைத் தூக்கிட்டுப் போறதுக்கு முந்தி இலக்கத்தை மின்னஞ்சல்ல அனுப்பி, இப்பவும் ஏத்துக்கிறாங்களான்னு எழுத்துல பதில் வாங்குங்க.

நிக்கானோட டி600 மாடலையும் இதையும் குழப்பிக்க வேணாம். அதுல சென்சர்ல எண்ணெய், தூசிப் புள்ளி விழும், படத்தின் இடது மேல் மூலையில கூடுதலா. அந்த அறிவித்தல் 2014 பெப்ரவரி. டி750ல புள்ளி இல்லை; படத்தின் ஒரு பகுதி நிழலடிச்ச மாதிரி இருளும்.

கண்டி_ஃபுல்ஃப்ரேம்:
வீட்டுச் சோதனை இப்படி. கமராவை மேனுவலில் வையுங்கள், ஆட்டோ ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனைத் தானாக மாற்றும் வசதி) நிறுத்துங்கள், லென்ஸையும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி நன்றாக மங்கலாக்குங்கள். மேகம் மூடிய வானம் அல்லது பகல் வெளிச்சம் படும் வெள்ளைச் சுவர் போதும். எஃப் 5.6 (லென்ஸ் துளை அளவு), 1/4000 செக்கன் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்குங்கள். பிறகு 1/2000க்கு 800, 1/1000க்கு 400, 1/500க்கு 200, 1/250க்கு 100. எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். கடைசியாக எஃப் 11, 1/60, ஐஎஸ்ஓ 100. இதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் படம். ஒவ்வொரு வேகத்திலும் குறைந்தது இருபது எடுங்கள். ஷட்டர் சில வேளை நன்றாக ஓடி, சில வேளை இழுக்கும். ஒரு படத்தில் அது சிக்காது.

வேகம் கூடும்போது மட்டும் ஏன் தெரிகிறது? ஷட்டரில் இரண்டு திரை இருக்கிறது. 1/200 வரை முதல் திரை முழுக்கத் திறந்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். 1/4000இல் இரண்டுக்கும் இடையில் சுமார் 2 மி.மீ. பிளவுதான், அது 24 மி.மீ. உயரத்தைக் கடந்து ஓடுகிறது. முதல் திரை கடைசியில் கொஞ்சம் தாமதித்தாலும் அந்த இடத்தில் பிளவு பாதியாகிவிடும், ஒளியும் பாதி. அதே தாமதம் 1/60இல் கண்ணுக்குத் தெரியாது. சென்சரில் படம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பக்கம் இருண்டால் திரை கீழ்ப்பக்கத்தில் இழுக்கிறது என்று அர்த்தம்.

நான்கு மூலையும் சமமாக இருண்டால் அது லென்ஸ். மேலோ கீழோ ஒரு பக்கம் மட்டும் பட்டையாக இருண்டால்தான் ஷட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

நானுஓயா_மூடுபனி:
வானத்தைப் பார்த்து எடுக்கிறது கண்டிக்குச் சரி. நம்ம பக்கம் மதியத்துக்குப் பிறகு மூடுபனி ஓடிட்டே இருக்கும், இருபது படம் எடுக்கிறதுக்குள்ள வானம் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டுடும். அதைப் பார்த்து ஷட்டர் போச்சுன்னு நெனைப்பீங்க. சுவரே நல்லது.

எதுல எடுத்தாலும் ஒரு தரம் கமராவைத் தலைகீழாப் பிடிச்சு எடுங்க. ரெண்டு படத்தையும் திருப்பாம அப்படியே பக்கத்துல வச்சுப் பார்க்கணும், அதனால தானாத் திருப்புற வசதியை முதல்ல நிறுத்திடுங்க. இருட்டுப் பட்டை ரெண்டு படத்திலயும் அதே விளிம்புல இருந்தா கமரா. எதிர் விளிம்புக்குப் போனா அது சுவரில விழுற வெளிச்சம். அடுத்து ரிலீஸ் டயலை எம்அப்ல வச்சு எடுங்க: முதல் அழுத்தத்துல கமராவுக்குள்ள இருக்கிற கண்ணாடி மேலே தூக்கும், ரெண்டாவதுல படம் எடுக்கும். இதுல பட்டை மறைஞ்சா கண்ணாடிதான் சரியா மேலே போகல்ல, ஷட்டர் இல்லை.

தலவாக்கலை_கிளிக்:
நன்றி அண்ணே. இலக்கத்தைப் போட்டுப் பார்த்தாச்சு, பட்டியலுக்குள்ள வருது. சுவரில எடுத்ததுல ஒண்ணும் தெரியல்ல. ஆனா கலியாண மண்டபத்துல 1/500ல எடுத்த ரெண்டு படத்துல குறுக்கே மஞ்சளும் சாம்பலுமாப் பட்டை இருக்கு. அது இதுவா?

நானுஓயா_மூடுபனி:
நிறம் மாறுதுன்னாலே அது எல்ஈடி விளக்கு. நம்ம மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவு விளக்கு செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். 1/100 இல்லன்னா 1/50ல எடுத்தா மறையும். ஷட்டர் கோளாறுல நிறம் மாறாது, வெளிச்சம் மட்டும்தான் குறையும்.

பதுளை_ரிப்பேர்மேசை:
சோதனையில தெரியல்லன்னாலும் இலக்கம் பட்டியல்ல இருந்தா குடுத்துச் செஞ்சுக்கிறதுதான் புத்தி. குடுக்க முந்தி: செட்டப் மெனுவுல அமைப்புகளை கார்டுல சேமிச்சு, அந்த கார்டைக் கழட்டி வச்சுக்கோங்க. ஏஎஃப் ஃபைன்டியூன் (லென்ஸுக்கேத்த மாதிரி ஃபோகஸைத் திருத்துற அமைப்பு) போட்டிருந்தா ஒவ்வொரு லென்ஸோட பெறுமானத்தையும் தாளில எழுதுங்க. ஷட்டரை எடுக்கணும்னா முன்பக்கத்தையே கழட்டணும், திரும்பி வந்த பிறகு ஃபோகஸ் கொஞ்சம் தள்ளியிருக்கலாம். லென்ஸ், தோள் பட்டி, பெட்டரி எதையும் குடுக்காதீங்க, மூடி போட்ட கமரா உடம்பு மட்டும். ரசீதுல தொடர் இலக்கமும் "ஷட்டர் சேவை அறிவித்தல்" என்ற வார்த்தையும் கட்டாயம் இருக்கணும். "பொதுப் பரிசோதனை"ன்னு எழுதினா பிறகு காசு கேக்க இடமிருக்கு.

பட்டை விழுந்த படம் கிடைச்சா கமராவில இருந்து எடுத்த அசல் ஜேபெக்கை பென் டிரைவ்ல குடுங்க. வாட்ஸ்அப்ல சாதாரணப் படமா அனுப்பினா படத்துக்குள்ள இருக்கிற தரவெல்லாம் போயிடும். அதே அசலை எக்ஸிஃப்டூல்ல (படத்துக்குள்ள இருக்கிற தரவைக் காட்டுற மென்பொருள்) திறந்து ஷட்டர் எண்ணிக்கையையும் குறிச்சு வைங்க. இந்த ஷட்டரைச் சோதிச்சது 150,000 தரத்துக்கு.

பாதையில இன்னொண்ணு. நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ல இருந்த கமராவை கொழும்பு வெக்கையில உடனே திறந்தா உள்ளே வேர்த்துடும். கிளம்புறப்பவே சிலிக்கா ஜெல் ரெண்டு பைக்கட்டோட பொலித்தீன்ல இறுக்கிக் கட்டி, போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலமாவது கட்டோடயே வச்சுட்டுக் கவுண்டருக்குக் கொண்டு போங்க.

தலவாக்கலை_கிளிக்:
குடுக்கும் வரைக்கும் ரெண்டு கலியாணம் இருக்கு. பாவிக்கலாமா?

கண்டி_ஃபுல்ஃப்ரேம்:
ஃப்ளாஷோடு 1/200 அல்லது அதற்குக் கீழே எடுங்கள், திரை முழுக்கத் திறந்திருக்கும். வெளியில் மாலை மாற்றும் நேரத்தில் ஆட்டோ எஃப்பியை (வேகமான ஷட்டரோடும் ஃப்ளாஷ் அடிக்கும் முறை) போட்டு 1/1000க்குப் போகாதீர்கள். அதுவும் பிளவில்தான் ஓடுகிறது. ஐஎஸ்ஓ 100, என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி), 1/200 போதும். கமராவின் மேலே உள்ள சிறு தகவல் திரையில் "எர்" (கோளாறு எச்சரிக்கை) மினுங்கினால் ஒரு தரம் அணைத்துப் போட்டு ஷட்டரை அழுத்திப் பாருங்கள். திரும்பவும் வந்தால் அதோடு நிறுத்துங்கள், ஷட்டர் திரையைக் கையால் தள்ளக் கூடாது. இரண்டு கார்டு போட்டிருப்பது இதற்கு உதவாது. தாலி கட்டும் நேரத்துக்கு வேறொரு கமரா, பழைய டி90 ஆனாலும், கழுத்தில் இருக்க வேண்டும்.