பி.காம். முடித்துவிட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் ஆக எந்த வழி? பி.எட்., எம்.காம்., டி.எல்.எட். குழப்பம்

கோவில்பட்டி_அண்ணன்:

வணக்கம். தங்கை பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்) ஐந்தாவது செமஸ்டர் படிக்கிறாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், 68 சதவீதம். காலேஜ் இங்கிலீஷ் மீடியம். அரசுப் பள்ளியில் டீச்சர் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "நேரா பி.எட். சேர்த்து விடு, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதட்டும்" என்கிறார் ஒருத்தர். "தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ் போட்டால் இங்கிலீஷ் டீச்சர் ஆகிவிடலாம்" என்கிறார் இன்னொருத்தர். டி.எல்.எட். (தொடக்க ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ) போதும் என்றும் ஒரு பேச்சு. எது சரி? எத்தனை வருஷம் ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:

அந்த மூன்றில் முதல் இரண்டை இப்போதே விட்டுவிடுங்கள். எந்தப் பணியிடம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படிப்புக்கு வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் ஆசிரியர் பணி மூன்று படி. ஒன்று முதல் ஐந்து வரை இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் மேல்நிலையில் மட்டும்தான் உண்டு. பட்டதாரி ஆசிரியர் இடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று போகும்; அந்தப் பட்டியலில் காமர்ஸே கிடையாது. ஆக, பி.காம். + பி.எட். + டெட் என்று எவ்வளவு கஷ்டப்பட்டாலும் விண்ணப்பிக்க இடம் இருக்காது. அதனால்தான் தமிழ்நாட்டில் காமர்ஸ், எகனாமிக்ஸ் போன்ற பாடக்காரர்களை வெறும் இளங்கலையோடு பி.எட். சேர்ப்பதில்லை, முதுகலை கேட்கிறார்கள். வெளி மாநிலக் காலேஜில் பி.காமை வைத்தே பி.எட். சேர்த்துக்கொள்கிறார்களே என்று போய்ச் சேர்ந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எம்.ஏ. இங்கிலீஷ் யோசனை அதைவிட மோசம். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது அரசு இணையானது என்று ஆணை போட்ட பாடத்தில் இருக்க வேண்டும். பி.காம். மேல் எம்.ஏ. இங்கிலீஷ் என்பது கிராஸ் மேஜர். பரீட்சையில் முதல் மார்க் எடுத்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

தங்கைக்கு நேரான பாதை இதுதான்: பி.காம்., பிறகு இரண்டு வருஷம் எம்.காம். (50 சதவீதத்துக்குக் குறையாமல்), பிறகு இரண்டு வருஷம் பி.எட்., அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பி.ஜி. டி.ஆர்.பி. தேர்வு. பி.காமுக்குப் பிறகு நான்கு வருஷம். முதுகலை ஆசிரியர் நியமனத்துக்கு டெட் தேவையில்லை. அது ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கான தகுதி.

பி.ஜி. டி.ஆர்.பி. அமைப்பு: 150 மார்க், மூன்று மணி நேரம். பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. இதற்கு முன்னால் கட்டாயத் தமிழ்த் தாள்: 30 கேள்வி, 50 மார்க், அதில் 40 சதவீதம், அதாவது 20 எடுக்காவிட்டால் மெயின் விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இதை அலட்சியமாக விடுவதுண்டு. 2025 தேர்வு 1,996 இடங்களுக்கு நடந்தது, எல்லாப் பாடமும் சேர்த்து. வருஷா வருஷம் அறிவிப்பு வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

விடைத்தாள்:

சாக்பீஸ் சார் சொன்னதோடு இரண்டு விஷயம்.

ஒன்று, பட்டத்தின் பெயர். பி.காம். சி.ஏ., பி.காம். பி.ஏ. (புரொஃபஷனல் அக்கவுன்டிங்), கார்ப்பரேட் செகரெட்டரிஷிப், பேங்க் மேனேஜ்மென்ட் என்று இப்போது இருபது பெயரில் பட்டம் வருகிறது. எல்லாம் காமர்ஸ்தானே என்று நாம் நினைப்போம், சரிபார்ப்பு மேசையில் அப்படி நினைக்க மாட்டார்கள். சான்றிதழில் அச்சாகி வரும் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் இரண்டையும் வைத்துக்கொண்டு உயர்கல்வித் துறை இணைத்தன்மை அரசாணைகளில் தேடுங்கள். அதே பல்கலைக்கழகம், அதே பட்டம், "பி.காமுக்கு இணையானது" என்ற வாசகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே பல்கலைக்கழகம் மூலம் விண்ணப்பித்து வையுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். இணை ஆணையின் தேதி தேர்வு அறிவிப்புக்குப் பிந்தையதாக இருந்தால் அதுவே வழக்காகிறது. எம்.காமாவது எந்த அடைமொழியும் இல்லாத வெறும் எம்.காமாகப் பார்த்துச் சேருங்கள். கேந்திரிய வித்யாலயாவில் முதுகலை காமர்ஸ் ஆசிரியருக்கு அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ் எம்.காம். செல்லாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் அந்தப் பக்கமும் முயற்சி செய்ய வழி இருக்கட்டும்.

இரண்டு, தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு. "பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணிக்கான கல்வித்தகுதி வரை எல்லாப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பி.காம். ஆங்கிலவழி என்பதால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் இருந்தால் போதும். அதை டிக் செய்துவிட்டுச் சான்றிதழ் காட்ட முடியாமல் வெளியேறுபவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள்.

மேலத்தெரு_டீச்சர்:

டி.எல்.எட். யோசனையை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்காதீர்கள். பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் சேரலாம், தங்கைக்கு 68 இருக்கிறது. இரண்டு வருஷம். டிகிரி முடித்தவர்களும் சேர்கிறார்கள், கணக்குக்கு எடுப்பது பிளஸ் டூ மார்க்தான். பிறகு டெட் முதல் தாள், 150 மார்க், பொதுப் பிரிவுக்கு 90. சலுகை மதிப்பெண் பிரிவைப் பொறுத்தது, அந்தந்த அறிவிப்பைப் பாருங்கள். டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும்.

இன்னொரு சாதகம்: 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. போட்டி டி.எல்.எட். காரர்களுக்குள்தான்.

ஆனால் டெட் பாஸ் ஆனால் வேலை என்ற காலம் போய்விட்டது. அதற்கு மேல் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. 2024 ஜூலையில் 2,768 இடைநிலை இடங்களுக்கு நடந்தது அதுதான். அதற்கு முன் பல வருஷம் இடைநிலை நியமனமே இல்லாமல் ஆயிரக்கணக்கில் தேங்கி நின்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும் என்றால் இந்த வழி. பிடிக்காமல், வருஷம் மிச்சம் என்பதற்காக மட்டும் போவது வேண்டாம். பி.காம். படிப்பும் அதில் உதவாது.

கோவில்பட்டி_அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. அவள் எம்.காம். பக்கம்தான் சாய்கிறாள். இன்னும் இரண்டு சந்தேகம். எம்.காமைத் தபாலில் போட்டுக்கொண்டே பி.எட். ரெகுலர் படித்தால் இரண்டு வருஷம் மிச்சமாகுமே? அப்புறம், ஒரு வருஷ பி.எட். வருகிறது, போகவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்றெல்லாம் ஒரு ஏஜென்ட் சொல்கிறாரே?

சாக்பீஸ்:

தபாலில் எம்.காம். செல்லும், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி அந்தக் கல்வியாண்டுக்கு இருந்தால். ஆனால் பி.எட். கூடவே முடியாது. காமர்ஸுக்கு எம்.காம். முடித்த மார்க் பட்டியலைக் காட்டினால்தான் பி.எட். சேர்க்கையே. கடைசி செமஸ்டரில் ஒரு அரியர் நின்றாலும் அந்த வருஷ சேர்க்கை போச்சு.

ஒரு வருஷ பி.எட். பற்றி 2025 பிப்ரவரியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வரைவு விதிமுறை வெளியிட்டது, முதுகலை முடித்தவர்களும் நான்கு வருஷ டிகிரிக்காரர்களும் அதில் சேரலாம் என்று. வரைவைக் காட்டி அட்வான்ஸ் கேட்பவரிடம், குழுமத்தின் அங்கீகார ஆணை எண்ணைக் கேளுங்கள்.

போகாமலே பி.எட். என்பது நேரடி மோசடி. குழுமத்தின் 2014 விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருஷம். காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி: அந்த 16 வாரத்துக்குக் காமர்ஸ் குரூப் உள்ள மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்புகிறார்களா? பல இடங்களில் பக்கத்தில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே பதினொன்றாம் வகுப்பே இருக்காது. பேரேட்டுக் கணக்கைக் கரும்பலகையில் பற்று வரவு என்று கோடு போட்டு நடத்திப் பழகாமல், சமூக அறிவியல் பீரியடைப் பார்த்துக்கொண்டு வந்து சேர்வார்கள்.

தபாலில் பி.எட். என்று ஒன்று உண்டே என்றால், அது ஏற்கெனவே டி.எல்.எட். போன்ற ஆசிரியர் பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்கும் பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற தொடக்க ஆசிரியர்களுக்கும். தங்கைக்குப் பொருந்தாது.

விடைத்தாள்:

எம்.காம். சேரும்போதே 55 சதவீதத்தைக் குறி வையுங்கள் (ஓ.பி.சி. நான் கிரீமி லேயர், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50). அது இருந்தால் நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) எழுதிக் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம், அதற்கு பி.எட். கேட்பதில்லை. நெட் இரண்டு தாள், மொத்தம் 300 மார்க், தப்புக்கு மைனஸ் கிடையாது. எம்.காம். கடைசி வருஷத்திலேயே எழுதலாம். நெட் காமர்ஸ் பாடத்திட்டத்தில் படித்ததில் நிறைய பி.ஜி. டி.ஆர்.பி.யின் 110 மார்க்குக்கும் உதவும்.

கோவில்பட்டி_அண்ணன்:

சி.ஏ. பட்டத்துக்கு அரசாணை தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் எண்ணை இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.