கடலோரச் சுவரோவியம் உரிந்த விஷயம்: புதுப்பிப்பு

எங்கள் கடற்கரை ஊரில் கடலைப் பார்த்த சுவரில் எதை வரைந்தாலும் கொப்பளித்து உரிகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புது ஓவியம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி அப்படியே இருக்கிறது.

பலன் தந்தது நீங்கள் சொன்ன சிலிகேட் பெயின்ட் (பொட்டாசியம் சிலிகேட் கரைசலில் நிறமி கலந்த பெயின்ட்) யோசனைதான். அக்ரிலிக் (பிளாஸ்டிக் பிசின் கலந்த வழக்கமான பெயின்ட்) சுவர்மேல் படலமாகத்தான் நிற்கும், சுவருக்குள் ஊறிய உப்பு ஈரம் காயும்போது படிகமாகி அந்தப் படலத்தைத் தள்ளிவிடும். சிலிகேட் பெயின்ட் சிமென்ட் பூச்சோடு வேதிவினை புரிந்து பிடித்துக்கொள்ளும், ஈரம் வெளியேறவும் வழிவிடும். 1878-லேயே ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற முறை இது. ஆனால் பழைய பெயின்ட் மேல் அது பிடிக்காது, பூச்சு தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் ஆரம்பித்தோம்.

எதிர்பாராதது நிறம். சிலிகேட் பெயின்ட் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டது, அதைத் தாங்கும் கனிம நிறமிகள்தான் இதில் நிற்கும் என்பதால் பளீர் இளஞ்சிவப்பு கிடைக்கவில்லை. ஓவியத்தில் வரும் படகைக் காவி நிறத்தில் தீட்டினோம், எனக்கு இதுதான் அழகாகத் தெரிகிறது.

அப்புறம் பக்கத்தில் வைத்த மீன் சிற்பம். 316 ரக துருப்பிடிக்காத எஃகுதான், உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகமும் அதில் உண்டு, இருந்தும் சொரசொரப்பான இடங்களில் பழுப்புக் கறை வந்தது. பளபளப்பாக்கிய பகுதியில் கறையே இல்லை. இப்போது அவ்வப்போது நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், புதுக் கறை வரவில்லை.