இண்டர்காம் ஹெட்செட்: ‘உடன்பேசி’ பொருந்துமா?

வணக்கம்.

ஒற்றைப்பலகைக் கணினியில் (ராஸ்பெரி பை போன்ற, ஒரே பலகையில் அடங்கும் சிறு கணினி) செய்யும் கம்பியில்லா இண்டர்காமுக்கு, அதாவது மேடைக் குழுவினர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தமக்குள் பேசிக்கொள்ளும் கருவிக்கு, பெயர் தேடும் இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இடைத்தொடர்புக் கருவி, தலைமாட்டிப் பேசி, குழுப்பேசி.

முதலாவது எந்தக் கருவிக்கும் பொருந்தும், அதனால் எதையும் குறிக்காது. இரண்டாவதைப் படித்ததும் தலைமாடு, கால்மாடுதான் நினைவுக்கு வருகிறது. படுக்கைப் பக்கம் வைக்கிற பொருள் என்று தோன்றிவிடும். குழுப்பேசி பரவாயில்லை. ஆனால் வாக்கி டாக்கியும் குழுவுக்கானதுதானே? அதில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. மேடை ஒளியமைப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமராக்காரர் ‘நிறுத்து’ என்று குறுக்கிடலாம், இரண்டும் எல்லார் காதிலும் விழும்.

அதனால் என் பரிந்துரை உடன்பேசி. ‘உடன்’ என்றால் சேர்ந்து; உடனே என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. இந்தக் கருவிக்கு இரண்டுமே உயிர்.

‘உடனே’ என்பதுதான் கட்டுபவருக்குப் பெரிய பாடு. ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போன்ற பலகையில் ஹெட்செட் செருகத் துளை இல்லை, யூஎஸ்பி ஒலி அட்டை வேண்டும். புளூடூத் ஹெட்செட்டில் ஒலிவாங்கியை இயக்கினால் வழக்கமாகத் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறி ஒலித்தரம் இறங்கிவிடும், சுணக்கமும் கூடும். கம்பி ஹெட்செட்டைப் பலகையில் செருகி, பலகையை இடுப்பில் மாட்டிக்கொள்வதே நல்லது. மம்பிள் என்ற குழுப்பேச்சு மென்பொருள், ஒலியைச் சிறு துண்டுகளாக்கிச் சுருக்கி அனுப்ப ஓபஸ் என்ற குறிமுறையைப் பயன்படுத்துகிறது; அது வழக்கமான 20 மில்லிநொடித் துண்டுக்கு 26.5 மில்லிநொடிச் சுணக்கம் சேர்க்கும். துண்டை 10 மில்லிநொடியாகக் குறைத்தால் சுணக்கம் குறையும், ஆனால் ஒவ்வொருவரிடமிருந்தும் நொடிக்கு 50 தரவுப் பொட்டலத்துக்குப் பதில் 100 கிளம்பும். ஆள் கூடக்கூட வைஃபை திணறும். அப்புறம், வைஃபையின் மின்சேமிப்பை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது தூங்கி எழுந்தால் பொட்டலங்கள் மொத்தமாக வந்து குவியும், பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும்.

இன்னொரு சொல்லும் தேவை. காதை மூடியதும் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காமல் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதைத் தடுக்க ஒலிவாங்கியின் ஒலியைக் கொஞ்சம் வலைக்குப் போகாமலேயே நம் காதுக்குத் திருப்புகிறார்கள். இதற்கு எதிரொலி என்று எழுதியிருந்தார் ஒரு நண்பர். எதிரொலி தாமதமாக வரும், நாம் நீக்க நினைப்பது. இது வேண்டுமென்றே கொடுப்பது. ‘தன்னொலி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புடன்.

மறுமொழி:

ஐயா, தன்னொலிக்கு முழு சம்மதம். உடன்பேசியில் ஒரு தயக்கம். உடனடிச் செய்தி என்று ஏற்கெனவே புழங்குகிறோம், அதோடு குழம்பாதா? இன்னொன்று, உடன் + பேசி புணரும்போது ‘உடற்பேசி’ ஆகிவிடாதா? அப்படியானால் உடலோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள்.

மறுமொழி:

அம்மா, புணர்ச்சியில் சிக்கல் இல்லை. உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்படிக்கை எல்லாவற்றிலும் னகரம் அப்படியேதான் நிற்கிறது. குழப்பமும் வராது என்றே நினைக்கிறேன்; உடனடிச் செய்தி எழுதி அனுப்புவது, இது ‘பேசி’. தொலைபேசி, கைபேசிக்குப் பழகிய காதுக்கு இதுவும் கருவி என்று புரிந்துவிடும். ஒருவர் மாட்டிக்கொள்ளும் கருவியை உடன்பேசி என்றும், எல்லார் பேச்சையும் வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் வழங்கியும் (சர்வர்) வைஃபையும் சேர்ந்த முழு அமைப்பை உடன்பேசி வலை என்றும் சொல்லலாம். ஹெட்செட்டை ஹெட்செட் என்றே விட்டுவிடுவோம். பலகையை ஹெட்செட்டோடு சேர்த்தே உடன்பேசி என்பதா, பலகையை மட்டுமா என்பதை அடுத்துப் பேசலாம். எனக்குச் சேர்த்தேதான் சரி என்று படுகிறது.