பிராட் பிட் வீடுகள்: பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, கூடாதா?

செங்கல்சூளை:
அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் லோயர் நைன்த் வார்டு என்று ஒரு பகுதி. 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயலன்று கால்வாயின் வெள்ளத் தடுப்பு மதில் உடைந்து, வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து போன இடம். 2007இல் நடிகர் பிராட் பிட் 'மேக் இட் ரைட்' அறக்கட்டளையைத் தொடங்கி 150 பசுமை வீடுகள் கட்டுவதாக அறிவித்தார். கட்டி முடித்தது 109. அவற்றில் ஓரளவு நல்ல நிலையில் இருப்பவை ஆறுதான் என்று ஜூடித் கெல்லர் என்ற ஆய்வாளர் 2022இல் எழுதினார். மற்றவற்றில் ஒழுகல், பூசணம், உளுத்த மரம், மின்கோளாறு என்று ஏதாவது ஒன்று. என் கட்சி இதுதான்: சினிமாக்காரர் காசோலை எழுதிக் கொடுக்கட்டும், வீடு கட்ட வேண்டாம்.

தேன்மொழி:
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் சார். புயலுக்குப் பிறகு அந்த வார்டைத் திரும்பக் கட்டவே வேண்டாம் என்று பேசியவர்கள் உண்டு. அரசின் 'ரோடு ஹோம்' திட்டம் என்ன செய்தது? வீட்டின் பழைய சந்தை விலை, திரும்பக் கட்டும் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகை கணக்கிட்டது. கறுப்பின மக்களின் தெருக்களில் சந்தை விலை குறைவு. அதனால் அதே அளவு வீட்டை இழந்தாலும் கைக்கு வந்த பணம் குறைவு. வழக்குப் போட்டு, 2011இல்தான் சமரசம் ஆனது. அந்த நேரத்தில் அங்கே போய் நின்றவர் ஒரு நடிகர். இன்று வீட்டில் உட்கார்ந்து குறை சொல்வது சுலபம்.

சைட் எஞ்சினியர்:
ரோடு ஹோம் பற்றி நீங்கள் சொன்னது சரி மேடம். மாடு விஷயம்தான் தப்பு. அது தானமே இல்லை. வீடுகளை சுமார் 1,50,000 டாலர் விலைக்கு விற்றார்கள். கட்டிய செலவைவிடக் குறைவு, சலுகையும் தந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கியவர் தலையில் வீட்டுக்கடன் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மாட்டுக்குப் பல் பார்க்கத்தான் வேண்டும்.

தொழில்காரனாக இரண்டு விஷயம் சொல்கிறேன். அந்த ஊரில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வெயிலும் புழுக்கமும் நம்மூர் மாதிரி. அங்கே 'ஷாட்கன்' என்று பழைய வீடுகள் உண்டு, ஒடுக்கமாக, அறைக்குப் பின் அறையாக நீளும். சரிந்த கூரை, மண்ணிலிருந்து தூக்கிய தளம், எளிதில் உளுக்காத சைப்ரஸ் மரம். படிக்காத மேஸ்திரிகள் மழையையும் கரையானையும் பார்த்துப் பார்த்துக் கற்றது. பிராங்க் கெரி, ஷிகெரு பான் போன்ற உலகப் புகழ் பெற்றவர்கள் வரைந்த புது வீடுகளில் சிலவற்றுக்குத் தட்டைக் கூரை. பலவற்றில் சுவரைக் காக்கும் இறவாரம் போதாது, மழைநீர்க் குழாய்கூட ஒழுங்காக இல்லை. படத்தில் பார்க்க அழகுதான்.

இரண்டாவது மரம். வழக்கமாகத் தாமிர உப்பு ஏற்றிய மரம் போடுவார்கள். அது நச்சு என்று விலக்கி, கண்ணாடிச் சத்து ஏற்றிய 'டிம்பர்சில்' என்ற புது ரகத்தை வெளிப்படிகளுக்கும் திண்ணைகளுக்கும் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே உளுத்துவிட்டது. 2015இல் தயாரித்த நிறுவனத்தின் மேல் அறக்கட்டளையே வழக்குப் போட்டது. புதுப் பொருளை நான் முதலில் என் வீட்டுக் கழிவறையில் போட்டுப் பார்ப்பேன். வெள்ளத்தில் எல்லாம் போனவர் வீட்டில் அல்ல.

தேன்மொழி:
அப்படியானால் பசுமை வீடே ஏழைகளுக்குக் கூடாதா? அந்த வீடுகளில் சூரியத் தகடு இருந்தது, மின்கட்டணம் குறைந்தது. தவறு பிரபலத்துடையது மட்டுமா? ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஹாபிடாட் தொண்டு அமைப்பு பக்கத்துப் பகுதியில் இசைக்கலைஞர்களுக்காகச் சாதாரண வீடுகள் கட்டியதே, அங்கேயும் சில வீடுகளில் கெட்டுப்போன சீனச் சுவர்ப்பலகையால் தகராறு வந்தது.

ஹூஸ்டன் வாசு:
தேன்மொழி அக்கா, நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கே எதிராகப் போகிறது. ஹாபிடாட் ஊரைவிட்டுப் போகவில்லை. சண்டை போடவாவது ஓர் அலுவலகம் இருக்கிறது. மேக் இட் ரைட் மேலோ 2018 செப்டம்பரில் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். அதே மாதம் அறக்கட்டளை தன் கட்டடக் கலைஞர் மேல் வழக்குப் போட்டது. என்னை விட்டுவிடுங்கள் என்று பிட் தரப்பு கேட்டதை 2019இல் நீதிபதி ஏற்கவில்லை.

நான் ஒருமுறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். சுற்றுலா வண்டிக்காரர் இது இன்னார் வரைந்த வீடு, அது இன்னார் வரைந்தது என்று காட்டிக்கொண்டே போனார். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! யார் வீடு என்று யாரும் கேட்கவில்லை.

கடலூரான்:
சுனாமி வீடுகள் கதையும் இதேதான். பிரபலங்கள் வந்து…

மட்டுறுத்துநர்:
கடலூரான் அண்ணே, அதற்குத் தனி இழை போடுங்கள், நானே வந்து எழுதுகிறேன். இங்கே வேண்டாம்.

செங்கல்சூளை:
வாசு சொன்ன பிறகு என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நடிகர் கட்டலாம். ஆனால் முதல் நாளே பத்து, இருபது ஆண்டுப் பராமரிப்புக்கென்று ஒரு தொகையை யாரும் தொட முடியாதபடி வங்கியில் போடட்டும். பெயரால் வந்த பணம், பெயர் போனால் நின்றுவிடும்.

தேன்மொழி:
இதை ஏற்கிறேன். ஆனால் பல குடும்பங்கள் ஊருக்குத் திரும்பியதே அந்தப் பெயரால்தான், அதையும் எழுதி வையுங்கள். பிறகு, 2022இல் 2 கோடியே 5 லட்சம் டாலர் சமரசம் ஆனதே?

சைட் எஞ்சினியர்:
ஆனது. கொடுப்பதாகச் சொன்னது பிட் அல்ல, குளோபல் கிரீன் என்ற இன்னொரு பசுமைத் தொண்டு நிறுவனம். அடுத்த ஆண்டு பார்த்தால் அந்தப் பணம் வரவில்லை, மறுபடி நீதிமன்றம்.

தேன்மொழி:
அதுவரை வீட்டுக்கடன் தவணை?

சைட் எஞ்சினியர்:
ஒழுகுகிற வீட்டுக்கு வங்கி தள்ளுபடி தருவதில்லை, மேடம்.