லிஃப்ட், ஊசி, நாய்: பயத்தோடு பழகிய அனுபவங்கள்

11 வருடம் நான் லிஃப்டில் ஏறவில்லை. ஏழாவது மாடியில் நேர்முகத் தேர்வு என்றாலும் படிக்கட்டுதான். சிகிச்சைக்குப் போனபோது உளவியலாளர் என்னை லிஃப்ட் பக்கமே அழைத்துப் போகவில்லை. கை, தோள், தாடை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தப் பழக்கினார். இரண்டு வாரம் அது மட்டும்தான். அப்புறம் என் பயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொன்னார். லிஃப்ட் கதவைத் தூரத்தில் நின்று பார்ப்பது 20. கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது 45. தனியாக ஒரு மாடி ஏறுவது 80. உடல் தளர்ந்திருக்கும்போது பயம் தலைதூக்குவது கடினம் என்பதை வைத்து மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1950களில் உருவாக்கிய முறை இது.

நான் சறுக்கியது அந்த 45இல்தான். நெஞ்சு படபடத்ததும் வெளியே ஓடி வந்துவிட்டேன். அப்போதைக்கு நிம்மதி. ஆனால் மறுநாள் அதே படி 60 ஆகியிருந்தது. தப்பி ஓடிக் கிடைத்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்று என் உளவியலாளர் விளக்கினார். அடுத்த முறை மதிப்பெண் பாதியாகும்வரை நகரவே இல்லை. 20 நிமிடம் ஆனது. இப்போது தினமும் லிஃப்டில்தான் போகிறேன்.

---

எனக்கு ஊசி பயம். தயவுசெய்து இதைப் படியுங்கள், ஏனென்றால் தளர்வுப் பயிற்சி எனக்குச் சரிப்படவில்லை. நன்றாக மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்தினேன், நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தேன். ரத்தம், ஊசி என்றால் பயப்படுகிறவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மயக்கம் அதனால்தான் வருகிறது. சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் இதற்கென்றே வேறு பயிற்சி வகுத்திருக்கிறார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10-15 விநாடி, முகத்தில் சூடு ஏறும்வரை இறுக்க வேண்டும். பிறகு 20-30 விநாடி இயல்பு நிலைக்கு விட வேண்டும், முழுவதும் தளர்த்திவிடக் கூடாது. இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் இறுக்காமல் வைத்துக்கொள்வேன். போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போய், மயங்காமல் எழுந்து நடந்து வந்தேன்.

---

என் மகளுக்கு 6 வயது, நாய் என்றால் அலறுவாள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தாராம். எங்கள் ஆலோசகரும் அதே வழியில்தான் போகிறார். தெருவின் எதிர்ப்பக்கம் நாய் வந்தால் இப்போது என் கையைப் பிடிக்காமல் நடக்கிறாள். தொட்டுப் பார்க்க இன்னும் நாளாகும். அவளை அவசரப்படுத்தப் போவதில்லை.